நோலீன் விற்காத வண்டி

அடிலெய்டுக்கு வடக்கே கடினா ஊரில், காரில் மாட்டி இழுக்கிற சக்கர வீடான கேரவனைப் பழையதாக வாங்கப் போகிறவர்கள் நோலீன் பென்ஹாலைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். வெளிப்பக்கத்துப் பளபளப்பை அவள் ஏறெடுத்தும் பார்க்க மாட்டாள். உள்ளே ஏறுவாள், தரையில் குப்புறப் படுப்பாள், நான்கு மூலையிலும் மூக்கை வைத்து மோந்து பார்ப்பாள். எழுபதை நெருங்குகிற பெண்மணி, முழங்கால் இரண்டும் கடகடக்கும், இருந்தாலும் படுத்துத்தான் பார்ப்பாள். எழுந்து கையைத் தட்டிக்கொண்டு, "ஜன்னலுக்குக் கீழ மரம் செத்துப் போச்சு. மேல பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்கான் திருட்டுப் பய" என்பாள். தகட்டைப் பிரித்துப் பார்த்தால் அவள் சொன்ன இடத்தில் சட்டம் பிஸ்கட்டாக உதிரும். அடேயப்பா, அது மூக்கா, இல்லை வேறு ஏதாவதா என்று வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள்.

கோடையில் வாங்குவாள். பார்லி வயலோரத்தில், வைக்கோல் கொட்டகையில், யாரோ செத்துப்போன மாமனாரின் புழக்கடையில் என்று சக்கரம் புதைந்து கிடக்கும் வண்டிகளைத் தேடிப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவரச் செய்வாள். அலுமினியத் தகட்டைச் சட்டை கழற்றுவது போலக் கழற்றி, உளுத்த மரத்தை வெட்டி எறிந்து புது மரம் கோத்து, மூலை முடுக்கெல்லாம் பழைய பசையைச் சுரண்டிப் புதுப் பசை வைத்து மூடுவாள். சிலிக்கோன் பிசினை மட்டும் அவள் கண்ணில் காட்டக் கூடாது. அதைப் பூசினவன் தண்ணீரை வெளியே நிறுத்தவில்லை, உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறான் என்று ஆரம்பித்தாளானால் எதிரில் இருப்பவரின் டீ ஆறிப்போகும்.

மே மாதம், அந்த நாட்டில் குளிர்காலம் பிறந்து, கடலிலிருந்து குளிர்காற்று ஏறத் தொடங்கியதும் விற்றுவிடுவாள். தெற்கத்திக் கிழவன் கிழவிகள் அத்தனை பேரும் வெயிலைத் துரத்திக்கொண்டு வடக்கே கிளம்புகிற காலம் அது. வாங்கினவர்கள் வண்டியைக் காரில் மாட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். நோலீன் கேட்டருகில் நின்று கையாட்டுவாள். இப்படிப் பத்தொன்பது வண்டி போயிற்று. ஒன்றில்கூட அவள் போனதில்லை.

ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வேலை ஜாஸ்தி, பாவம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மைக் காரணம் ஒன்றே ஒன்றுதான். அவளுக்குக் கேரவனை ரிவர்ஸ் எடுக்க வராது.

சிரிக்காதீர்கள். கார் ஓட்டுவது வேறு, காரின் வாலில் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு பின்னால் போவது வேறு. ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் வண்டி அந்தப் பக்கம் போகும். கொஞ்சம் கூடுதலாக ஒடித்தால் பேனாக்கத்தி மடிகிற மாதிரி மடிந்து நிற்கும். போதாததற்குப் பார்வையாளர்கள் வேறு. கேரவன்கள் தங்கும் பூங்காக்களில் சாயங்காலமானால் எல்லோரும் மடக்கு நாற்காலி போட்டுக் கையில் பீரோடு உட்கார்ந்திருப்பது காற்று வாங்கவா? புதிதாக வருகிறவன் ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்க்கத்தான். புருஷனோடு வாடகை வண்டியில் போனபோது போர்ட் லிங்கனில் ஒருமுறை நோலீன் எடுத்துப் பார்த்தாள். தண்ணீர்க் குழாயை இடித்துத் தள்ளினாள். தண்ணீர் பனைமர உயரத்துக்கு எழும்பியது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அன்றைக்குப் புருஷன் லின்ட்ஸியிடம் சாவியைக் கொடுத்தவள் திரும்ப வாங்கவே இல்லை. லின்ட்ஸி போய்ச் சேர்ந்த பிறகு, கொட்டகைக்குள் வண்டியைத் திருப்ப வேண்டுமென்றால் கையால் தள்ளித் திருப்பிக்கொள்வாள். வெளியூர்ப் பயணம் என்கிற பேச்சு அவனோடு போயிற்று.

இருபதாவது வண்டி பாஸ்க்வில் பக்கம் ஒரு பார்லி விவசாயியிடம் கிடந்தது. உள்ளே கோழிகள் குடியிருந்தன.

"எடுத்துக்கிட்டுப் போ தாயி. ஆனா கோழிகளை நான் எங்க வைக்கிறது?" என்றார் அவர்.

"உன் படுக்கையறையிலே வை. உனக்கும் பேச்சுத் துணை ஆச்சு."

கடைசியில் பேரம் இப்படி முடிந்தது. நோலீன் அவருக்குப் புதுக் கோழிக்கூண்டு கட்டிக் கொடுத்தாள், அவர் கேரவனைக் கொடுத்தார். கோழி எச்சத்தை வழித்துக் கொட்டவே ஒரு வாரம் போயிற்று. ஆனால் எச்சத்துக்கு அடியில் மரம்! காய்ந்து, கணீரென்று, நேற்று அறுத்தது போல இருந்தது. ஐம்பது வருஷம் வைக்கோல் கொட்டகைக்குள் நனையாமல் கிடந்த சட்டம். நோலீன் அதைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். வேலை முடிந்த அன்று மழை கொட்டியது. அவள் உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கூரையில் மழை அடிக்கிறது, உள்ளே ஒரு பொட்டு ஈரமில்லை, புது மரமும் மெழுகும் கலந்த வாசனை. இதை நான் விற்க மாட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சேதி மகனுக்கு எட்டியது. ப்ரென்டன் அடிலெய்டில் எலெக்ட்ரீஷியன். அப்பா போனதிலிருந்து அம்மாவைக் கண்ணாடிச் சாமானைப் பார்ப்பது போலவே பார்த்துக்கொண்டிருந்தான். தன் வீட்டுக்குப் பின்னால் அவளுக்காகவே ஒரு சின்ன வீடும் கட்டி முடித்திருந்தான்.

"உனக்கு ரிவர்ஸே எடுக்க வராதேம்மா. எனக்குத் தெரியாதா? எங்கயாவது மாட்டிக்கிட்டு நிப்ப."

"மாட்டினா நான் பாத்துக்கறேன்."

"அப்படின்னா ஒண்ணு பண்ணு. இந்த ஒரு குளிர்காலம் போய்ட்டு வா. ஒரு ஆளையும் உதவிக்குக் கூப்பிடாம திரும்பி வந்துட்டா நான் வாயே திறக்க மாட்டேன். கூப்பிட்டியோ, வண்டியை வித்துட்டு நம்ம வீட்டுக்கு வந்துடணும்."

நோலீன் யோசித்தாள். அவளுக்கு மகன்மேல் கோபமில்லை. ஆனால் அந்தப் பின்கட்டு வீட்டில் கொட்டகை இல்லை, ரம்பம் இல்லை, மோந்து பார்க்க ஒன்றுமே இல்லை. அங்கே போனால் நான் ஜன்னலோரப் பூந்தொட்டிதான் என்று அவளுக்குத் தெரியும்.

"சரிடா" என்றாள்.

துணைக்கு லின்ட்ஸியின் அக்கா க்ளெனிஸ் வந்தாள். வாலரூவில் மதுக்கடை அடுப்படியில் காலமெல்லாம் வெந்தவள். உலகத்தில் எல்லா நாட்டிலும் நாத்தனார் நாத்தனார்தான். காரில் ஏறி உட்கார்ந்ததுமே, "இந்தக் கோழிக்கூண்டிலேயா நான் படுக்கணும்? முட்டை போடச் சொல்ல மாட்டியே?" என்றாள்.

"போட்டாலும் வெளங்காது, வாயை மூடிக்கிட்டு வா."

இப்படியே சண்டை போட்டுக்கொண்டு வடக்கே போனார்கள். நோலீனின் பயண விதி ஒன்றே. முன்பக்கமாக நுழைந்து, வளைந்து, முன்பக்கமாகவே வெளியே வர முடிகிற இடத்தில்தான் தங்குவாள். நல்ல நிழல், நல்ல குளியலறை, கடற்கரை, எதுவும் கணக்கில்லை. வளைவு உண்டா? இறங்கு. இல்லையா? விடு வண்டியை.

அவர்கள் போய்ச் சேர்ந்தது கூப்பர் ஆறு. ஆறு என்று பேர்தான். பாலைவன மண்சாலை அந்த வறண்ட படுகையைக் குறுக்கே கடக்கும், அவ்வளவுதான். சில சமயம் பத்து, இருபது வருஷம்கூட அதில் ஒரு சொட்டு ஓடாது. படுகையைத் தாண்டி வடகரை ஏறியதும் சாலை வேலை பார்க்கிற செஸ் என்பவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தண்ணி வந்துக்கிட்டிருக்கு தெரியும்ல? குவீன்ஸ்லாந்துல மூணு மாசம் முன்னாடி பேஞ்ச மழை. நாளைக் கழிச்சு இங்க வந்துடும்."

க்ளெனிஸ் அண்ணாந்து பார்த்தாள். வானத்தில் கைக்குட்டை அளவு மேகம்கூட இல்லை. "இந்த வெயில்லயா? யாரைப் பாத்துக் காது குத்தறே?"

"வந்தா பாரும்மா. மணல்மேட்டு மேல வண்டியைப் போடுங்க. எதுனாச்சும்னா கார்ல இருக்கிற வயர்லெஸ் ரேடியோல கூப்பிடுங்க, டிராக்டரோட வந்துடுவேன்."

மணல்மேட்டுக்குப் போய்ப் பார்த்தார்கள். ஏற்கெனவே நாலைந்து வண்டிகள், மடக்கு நாற்காலிகள், பீர். நடுவே ஒரே ஒரு சந்து, ரிவர்ஸ் எடுத்தால்தான் நுழையலாம். நாற்காலிகளில் இருந்தவர்கள் ஆவலோடு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நோலீன் அவர்களைப் பார்த்துச் சிரித்துக் கையாட்டிவிட்டு நேராக ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கீழே, ஆற்றோரத்தில், கூலிபா என்கிற யூகலிப்டஸ் சாதி மரங்களுக்கு நடுவே ஒரு தட்டை நிலம் அகப்பட்டது. ஒரு தடம் உள்ளே போகிறது, இன்னொரு தடம் பள்ளத்தின் வழியாக வளைந்து சாலைக்குத் திரும்புகிறது. வளைவு! நாளைக் கழித்துத்தானே தண்ணீர்? நாளைக்கே கிளம்பிவிட்டால் போயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்பார்கள். இங்கே காய்ந்த மண்ணில் என்ன ஆழத்தைப் பார்ப்பது?

மறுநாள் காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. டீயும் ரொட்டியும் முடித்துவிட்டுப் படுகையோரமாக மேல்பக்கம் நடந்தார்கள். முதலில் பருந்துகளைத்தான் பார்த்தார்கள். நூறு, இருநூறு, ஒரே இடத்தின்மேல் வட்டம். பிறகு தரை நகர்ந்தது. எறும்பு, சிலந்தி, வெட்டுக்கிளி, ஓணான், எல்லாம் ஒரே திக்கில், அவர்கள் செருப்பைக்கூடச் சட்டை செய்யாமல் ஏறித் தாண்டி ஓடின. க்ளெனிஸ் அலறவில்லை, அதுதான் அதிசயம். ஏனென்றால் அதற்குள் அவளும் பார்த்துவிட்டாள்.

தண்ணீர் நடந்து வந்துகொண்டிருந்தது.

அலை இல்லை, இரைச்சல் இல்லை. காப்பி நிறத்தில் ஒரு நாக்கு, விளிம்பில் நுரை, சுள்ளி, இலை. மனுஷர் நடக்கிற வேகம்தான். ஒரு வெடிப்பு வந்தால் நின்று குடித்தது. மண் உஸ்ஸென்று மூச்சுவிட்டது, குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. வெடிப்பு நிறைந்ததும் மறுபடி ஓரடி எடுத்து வைத்தது. நாக்கின் நுனியிலேயே விரல் நீள மீன்கள் துள்ளின. தலைக்கு மேலே பளீரென்று நீல வானம். எங்கோ ஆயிரம் மைலுக்கு அப்பால் பெய்த மழை, யாரோ நனைந்த மழை, இங்கே வெயிலில் நடந்து வருகிறது! ஈரத்தை ஆயுசெல்லாம் எதிரியாக நினைத்து மூக்கால் வேட்டையாடின நோலீன், அந்த ஈரமண் வாசனையைக் கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள்.

"நோலீன்… இது எங்கடி இருந்துச்சு இத்தனை நாளா?" என்றாள் க்ளெனிஸ். குரல் குழந்தையின் குரலாக இருந்தது.

"பேசாம வா."

இருவரும் அந்த ஆற்றோடு நடந்தார்கள். ஆறு நடந்தால் நடந்தார்கள், நின்றால் நின்றார்கள். ஒரு ஆற்றின் முனையோடு கூட நடக்கிற பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும், சொல்லுங்கள். வயிறு பசிக்கவில்லை, கால் வலிக்கவில்லை. கடைசியில் கூலிபா மரங்களுக்கு நடுவே தங்கள் வண்டியின் வெள்ளைக் கூரையைப் பார்த்த பிறகுதான் நோலீனுக்குச் சுருக்கென்றது. செஸ் சொன்ன நாளுக்காக ஆறு காத்திருக்கவில்லை. அதோடு, பள்ளத்தின் வழியாகத் திரும்புகிற அந்த வளைவுத் தடத்தில் ஏற்கெனவே பழுப்பாக ஏதோ மினுங்கிக்கொண்டிருந்தது.

வளைவு போயிற்று. மிச்சம் இருந்தது வந்த வழி ஒன்றுதான், பின்னிக் கிடக்கும் புதருக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே ஒடுங்கிய தடம். அதில் ரிவர்ஸ்தான் எடுக்க வேண்டும்.

நோலீன் காரைக் கிளப்பினாள். க்ளெனிஸ் பின்னால் நின்று இரண்டு கையையும் காற்றாடியாகச் சுற்றினாள்.

"இடது பக்கம்! இடது பக்கம்!"

"யார் இடது? உன் இடதா, என் இடதா?"

"எல்லாருக்கும் ஒரே இடதுதானேடி!"

வண்டி மடிந்தது. முன்னால் போய் நிமிர்த்தி மறுபடி எடுத்தாள், மறுபக்கம் மடிந்தது. மூன்றாம் தடவை பின்பாகம் புதரில் போய்ச் சொருகி நின்றது. தண்ணீர் அடுத்த மரத்தைச் சுற்றி வந்துவிட்டது. க்ளெனிஸ் ஓடிவந்து ரேடியோவைப் பிடுங்கினாள்.

"செஸ்ஸைக் கூப்பிடறேன்."

"தொடாதே!"

"தலைக்கு மேல வெள்ளம் வருது, வீம்பு பிடிக்கிறியே!"

"கூப்பிட்டா எனக்கு வண்டியும் போச்சு, வீடும் போச்சு. அந்தப் பூந்தொட்டி வீட்டுல நீயா போய் உக்காரப் போறே? கொஞ்சம் யோசிக்க விடு!"

காரிலிருந்து இறங்கினாள். வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். ரிவர்ஸ் தனக்கு வராது. இன்றைக்கும் வராது, இனிமேலும் வராது. அதை மனதுக்குள் ஒப்புக்கொண்டதும் பதற்றம் அடங்கியது. வராததை எதற்குக் கட்டி அழ வேண்டும்? கொட்டகைக்குள் பத்தொன்பது வண்டியை என்ன செய்தாள்?

காரை ஓரடி முன்னால் எடுத்து, புதரில் சொருகின பின்பாகத்தை விடுவித்தாள். பிறகு, "கொக்கியைக் கழட்டு" என்றாள்.

"என்னது?"

"கழட்டு க்ளெனிஸ். வண்டியைப் பின்னால எடுக்கல. நின்ன இடத்திலேயே திருப்பறோம்."

ஒற்றை அச்சு வண்டி. கனம் முழுவதும் நடுச் சக்கரம் இரண்டில் நிற்கும். மூக்கைத் தூக்கிப் பிடிக்கச் சின்ன முன்சக்கரம். கட்டாந்தரையில் இரண்டு பேர் தள்ளினால் சுழலும். இங்கே மண்ணாயிற்றே, முன்சக்கரம் புதைந்தது. நோலீன் உள்ளே பாய்ந்து தன் படுக்கைப் பலகை இரண்டையும் உருவிக்கொண்டு வந்தாள். ஒரு பலகையின்மேல் உருட்டுவது, பின்னால் காலியான பலகையை எடுத்து முன்னால் போடுவது, மறுபடி உருட்டுவது. க்ளெனிஸ் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கெட்ட வார்த்தையில் தனக்குத் தெரிந்த அத்தனையும் சொல்லித் தள்ளினாள். எந்திரக்கல் சுற்றுவது போல வண்டி மெல்ல மெல்லச் சுற்றியது. தேவைக்கு மேல் மரம், கனத்த அலமாரி என்று ஒன்றையும் வைக்காமல் எல்லாவற்றையும் இழைத்து இழைத்து எடை குறைத்துக் கட்டினவள் அவள்தானே. அந்தச் சமயத்தில் தன் கையையே அவள் வியப்போடு பார்த்தாள்.

வண்டியின் மூக்கு வந்த வழியைப் பார்த்து நின்றபோது தண்ணீர் செருப்பை நனைத்தது. இனி கார். தனிக் கார்தானே, அதற்கென்ன? புதருக்குள் விட்டு, கிளை முறிய, கண்ணாடி ஒன்று பிய்ந்து தொங்க, வண்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தாள். கொக்கி டக்கென்று விழுந்தது. பலகைகளை எடுக்க நேரமில்லை, அவை மிதந்து போய்க்கொண்டிருந்தன. சக்கரம் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு மேடேறியது.

மேட்டின் முகட்டில் நிறுத்திவிட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தார்கள். சற்று முன் வண்டி நின்ற இடத்தில் நாரை ஒன்று நின்றது. மரங்களின் தூருக்கெல்லாம் தண்ணீர். அதற்கப்பால் தண்ணீர். இன்னும் அப்பால், அடிவானம் வரைக்கும், சிவப்பு மண் இருந்த இடமெல்லாம் வானம் விழுந்து கிடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் கூழைக்கடாக்கள் வந்தன. கடலோரத்தில் வாழ்கிற பறவைகள்! பாலைவனத்து நடுவே தண்ணீர் வந்திருக்கிறதென்று அவற்றுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? வரிசை வரிசையாக இறங்கி, ஏதோ நேற்றும் இங்கேதான் இருந்தது போல மிதந்தன.

க்ளெனிஸ் அழுதாள். "கோழிக்கூண்டுன்னு சொன்னேன்ல. மன்னிச்சுக்கடி" என்றாள். அதை நோலீனிடம் சொன்னாளா, வண்டியிடம் சொன்னாளா என்று தெரியவில்லை.

மறுநாள் நோலீன் வடக்கே சாலையோரக் கடைவரை போய் மகனுக்குப் போன் செய்தாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். யாரையும் கூப்பிடவில்லை என்பதையும் சொன்னாள். அந்தப் பக்கம் ப்ரென்டனின் குரல் இறுகியிருந்தது.

"தண்ணிக்குள்ள போக இருந்தியேம்மா. பந்தயமாவது மண்ணாவது. அங்கேயே இரு. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

வைத்துவிட்டான். ஜெயித்தும் தோற்றாயிற்று என்று நினைத்தபடி நோலீன் வண்டியை ஆற்றோர மேட்டுக்கே திருப்பி ஓட்டினாள். கடைசி முறையாகப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

ப்ரென்டன் இராப்பகலாக ஓட்டிக்கொண்டு வந்து தென்கரையில் நின்றான். சாலை தண்ணீருக்குள் இறங்கி மறைந்திருந்தது. அக்கரையில் சின்னப் பொம்மையாக அவன் காரிலிருந்து இறங்குவதை நோலீன் பார்த்தாள். இறங்கினவன் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். செஸ் அலுமினியப் படகில் போய்த் தோளைத் தொட்டுக் கூப்பிட்ட பிறகுதான் அசைந்தான். படகு கூலிபா மரங்களின் கிளைகளுக்கு நடுவே வந்தது. கூழைக்கடாக்கள் சோம்பலாக விலகி வழிவிட்டன. இறங்கி மேடேறி வந்தவன் அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை, திட்டவும் இல்லை. பக்கத்தில் நின்று தண்ணீரையே பார்த்தான்.

"மழையே இல்லையேம்மா."

"இல்லடா."

"எப்படி வந்துச்சு?"

"நடந்து வந்துச்சு. நான் கூடவே நடந்து வந்தேன்."

அவன் குனிந்து ஒரு பிடி ஈர மணலை அள்ளினான்.

"அப்பாவுக்குக் காட்டணும் போல இருக்கு" என்றான்.

நோலீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் முதல்ல அதான்டா தோணுச்சு."

லின்ட்ஸி போன நாளிலிருந்து அவர்கள் இருவரும் அவனைப் பற்றிப் பேசினதே இல்லை. அம்மா உடைந்துவிடுவாள் என்று மகனும், மகன் உடைந்துவிடுவான் என்று அம்மாவும் இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது இருவரும் உடைந்து, மணலில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்கள். க்ளெனிஸ் இரண்டு குவளையில் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

டீயைக் குடித்து முடித்த ப்ரென்டன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். "பின்கட்டு வீட்டை வாடகைக்கு விட்டுடறேன்மா" என்றான்.